பணம் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை: நடுவில் என்ன நடக்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு மருந்துக் கடையில் நாம் கண்ட காட்சி இது. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்த ஒரு சகோதரி, கைபேசி மூலம் 640 ரூபாய் அனுப்பினார். அவர் கணக்கிலிருந்து பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆனால் கடையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி வாய் திறக்கவில்லை.

"பணம் வரலையேம்மா, இன்னொரு தடவை போடுங்க" என்றார் கடைக்காரர்.

"என் அக்கவுண்ட்ல எடுத்துட்டாங்களே பாய், மெசேஜைப் பாருங்க" என்றார் அந்தச் சகோதரி.

வரிசையில் நின்றவர்களின் பார்வை மாறியது. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனாலும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் நிலை வந்துவிட்டது. இப்படி ஏன் நடக்கிறது என்பதை நம் குடும்பத்தினர் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரே வேலை, பல கைகள்

அந்தக் காலத்தில் ஒரு வங்கிக் கிளையில் ஒரு பேரேடு இருந்தது. கழிப்பதும் சேர்ப்பதும் அதே பேரேட்டில்தான். இன்று நாம் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும்போது ஒரு கணினி மட்டும் வேலை செய்வதில்லை. நம் கைபேசிச் செயலி ஒன்று. அந்தச் செயலியின் பின்னால் நிற்கும் வங்கி ஒன்று. நடுவில் என்.பி.சி.ஐ. எனப்படும் தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம். நம் கணக்கு உள்ள வங்கி, கடைக்காரரின் கணக்கு உள்ள வங்கி, அவருடைய செயலியின் பின்னால் உள்ள வங்கி என்று மேலும் சில.

நாம் பின் நம்பரைப் போட்டதும், "இந்த முகவரி யாருடையது?" என்று என்.பி.சி.ஐ. கேட்கிறது. விடை வந்ததும் நம் வங்கியிடம் "பணத்தைக் கழியுங்கள்" என்கிறது. கழித்தாகிவிட்டது என்று பதில் வந்த பிறகே கடைக்காரரின் வங்கியிடம் "சேருங்கள்" என்கிறது. பின்னர் இரு தரப்புக்கும் செய்தி போகிறது. இவ்வளவும் சில நொடிகளில் முடிகிறது.

இப்படி ஒவ்வொரு வேலையையும் தனித்தனிச் சேவையாகப் பிரித்து, அவை ஒன்றையொன்று கேட்டுப் பெறும்படி அமைப்பதைச் சேவை சார்ந்த கட்டமைப்பு என்கிறார்கள். ஒரு சேவை இன்னொன்றிடம் கேட்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். பெரிய நிறுவனங்களின் கணினி அமைப்புகள் பலவும் இன்று இப்படித்தான் இயங்குகின்றன. ஒரு பகுதியை மாற்ற மற்றதை நிறுத்த வேண்டியதில்லை, யு.பி.ஐ.யில் புதிய வங்கி ஒன்றைச் சேர்க்க, பழைய வங்கிகள் தங்கள் அமைப்பைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ., 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைக் கண்டதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

எல்லோரும் சரி, விருந்தாளி பட்டினி

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டுக் கல்யாண விருந்தை நினைத்துப் பாருங்கள். பந்தல்காரரிடம் கேட்டால், "பந்தல் போட்டாச்சு" என்பார். சமையல்காரர், "பிரியாணி தம் உடைச்சாச்சு" என்பார். பாத்திரக்காரர், "சஹன் எல்லாம் இறக்கியாச்சு" என்பார். மூவரும் சரி. ஆனால் தேக்சாவை மண்டபத்துக்குக் கொண்டுவரும் வேன் வழியில் நின்றுவிட்டது. விருந்தாளி பட்டினி.

மருந்துக் கடையில் நடந்ததும் இதுதான். பணத்தைக் கழித்த வங்கி தன் வேலையை முடித்துவிட்டது. சேர்க்க வேண்டிய வங்கியிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை. பதில் வராதபோது, அங்கே பணம் சேர்ந்ததா இல்லையா என்பது நடுவில் இருப்பவருக்கே உடனடியாகத் தெரியாது. "இல்லை" என்ற பதிலைக் கையாள்வது எளிது. மௌனத்தைக் கையாள்வதுதான் கடினம்.

காவல் காப்பது எப்படி?

அதனால்தான் கண்காணிப்பு என்பது இத்துறையில் தனி வேலையாகிவிட்டது. மகன் இரவெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அப்படி என்ன வேலையோ என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் முக்கியமாக நான்கைப் பார்க்கிறார்கள்: எத்தனை கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை தவறுகின்றன, இயந்திரங்களில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்.

இதில் சராசரி ஏமாற்றும். நூறு பேரில் 95 பேருக்கு ஒரு நொடியிலும் ஐந்து பேருக்கு 30 நொடியிலும் வேலை முடிந்தால், சராசரி இரண்டரை நொடிக்கும் குறைவு. எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அந்த ஐந்து பேரில் ஒருவர்தான் மருந்துக் கடையில் நிற்பவர். ஆகவே மெதுவாக முடிந்தவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.

தவறுகளையும் பிரித்தே பார்க்கிறார்கள். இருப்பு போதாமல், தவறான பின் நம்பரால் நின்றவை ஒரு வகை. வங்கியின் சர்வரோ நெட்வொர்க்கோ பழுதானதால் நின்றவை வேறு வகை. இவ்விரு விகிதங்களையும் வங்கி வாரியாக என்.பி.சி.ஐ. மாதந்தோறும் தன் தளத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் தரப்படுவதும் இதற்காகத்தான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, பணம் எந்த வாசல் வரை போனது, எங்கே நின்றது என்று தேடிவிடலாம்.

கேட்பதே சுமையானபோது

2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. காரணத்தை ஆராய்ந்தபோது, சில வங்கிகளின் அமைப்புகள் "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?" என்ற கேள்வியை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப அனுப்பியது தெரியவந்தது. பழைய பரிவர்த்தனைகளுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தன. நிலவரம் கேட்கும் கேள்விகளே உண்மையான பணப் பரிமாற்றத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டன.

மருத்துவமனையில் ஒரே ஒரு நர்ஸ் இருக்கும்போது, உறவினர் இருபது பேரும் மாறி மாறி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், அவர் நோயாளியை எப்போது கவனிப்பார்? அதே கதைதான்.

இதன் பிறகு விதிகள் கடுமையாயின. நிலவரம் கேட்கச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. நாமும் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புப் பார்க்க முடியாது. மானிட்டரிங் என்றால் ஓயாமல் கேட்பது என்று பொருளல்ல. சரியான இடத்தில், சரியான இடைவெளியில் கேட்பது.

நாம் செய்ய வேண்டியவை

1. பணம் கழிந்து கடைக்கு வரவில்லை என்றால் உடனே மறுமுறை அனுப்ப வேண்டாம். சில நிமிடங்கள் பொறுத்து, செயலியில் நிலவரத்தைப் பாருங்கள். அவசரமென்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் எண்ணைக் குறித்துக் கொடுங்கள். பணம் பிறகு வந்து சேர்ந்தால் அவர் திருப்பித் தர அது உதவும்.

2. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதற்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

3. திரும்பாவிட்டால் செயலியிலேயே புகார் செய்யுங்கள். பரிவர்த்தனை எண் போதும். பின் நம்பரை எவரும் கேட்க மாட்டார்கள், கேட்பவர் மோசடிக்காரர். இணையத்தில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களையும் நம்பாதீர்கள்.

4. கடை வைத்திருப்பவர்கள், வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்ப வேண்டியதில்லை; போலித் திரைகளும் உண்டு. தங்கள் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஆனால் பணம் வரவில்லை என்பதற்காக எதிரில் நிற்பவரை நாலு பேர் முன்னால் பொய்யராக்கிவிட வேண்டாம்.

அன்று அந்தக் கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, "பிள்ளைக்கு முதல்ல மருந்தைக் கொடுங்கம்மா, பணம் வந்தா வரட்டும்" என்று மருந்தை நீட்டினார். அந்தச் சகோதரி தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாம் கடையில் நிற்கும்போதே, பதினைந்து நிமிடம் கழித்து, பெட்டி பேசியது: "640 ரூபாய் பெறப்பட்டது."