வீட்டைப் பூட்டினோம், பக்கத்து வீட்டில் சொன்னோமா?

பண்டிகைக் காலம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் குதூகலம் நிறைந்துவிடுகிறது. புத்தாடை, பலகாரம், உறவினர் வருகை, ஆலய வழிபாடு என்று நாள்கள் பறக்கின்றன. இந்த மகிழ்ச்சிக்கு நடுவே திருட்டையும் கொள்ளையையும் பற்றி எழுதுவது மங்கலமாகுமா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆலயத்துக்குப் போய்த் திரும்பிய குடும்பம், உடைந்த கதவையும் தரையில் கொட்டிக் கிடக்கும் அலமாரித் துணிகளையும் காண்பதைவிட அமங்கலம் வேறு உண்டா? அதுவும் மகளின் திருமணத்துக்கென்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை போய்விட்டால், அந்த வீட்டில் அடுத்த தீபாவளி எப்படி விடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் பஞ்சாங்கத்தை நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பவன் திருடன்தான். தீபாவளியன்று காலையில் எண்ணெய்க் குளியல் முடித்துக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போவோம். மறுநாள் பெற்றோர் இருக்கும் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். பினாங்கில் தைப்பூசம் என்பது ஒரு நாள் விழா அன்று. இரதம் புறப்படும் நாள், தைப்பூச நாள், இரதம் திரும்பும் நாள் என்று மூன்று நாள். தாய்மார் பால்குடத்துக்கும், இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தலுக்கும், மற்றவர்கள் இரதத்தின் பின்னும் போய்விடுவார்கள். அந்த மூன்று நாளும் இந்துக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டில் ஆள் இராது என்பது இம்மாநிலத்தில் யாரும் அறியாத இரகசியம் அன்று.

ஆள் இல்லை என்பதை வெளியார் யாரும் சொல்ல வேண்டியதில்லை, வீடே சொல்லிவிடும். வெளிக்கதவில் சங்கிலி போட்டு வெளிப்புறமாகத் தொங்கும் பெரிய பூட்டு, கதவுக் கம்பிகளில் செருகிக் கிடக்கும் விளம்பரத் தாள்கள், நிரம்பி வழியும் தபால் பெட்டி, பட்டப்பகலிலும் எரிகின்ற வாசல் விளக்கு, வெறிச்சோடிய துணிக்கொடி, ஒரு ஜோடி செருப்புகூட இல்லாத வாசல் ஆகிய அனைத்தும் ஆள் இல்லாததைக் காட்டிக்கொடுக்கும். நம் வீடுகளுக்கே உரிய அடையாளங்களும் உண்டு. தீபாவளிக்கு இட்ட கோலம் மிதிபட்டுக் கலைந்தபடி நான்கு நாள் கிடந்தாலோ, தோரணத்து மாவிலை சருகாகித் தொங்கினாலோ, மாலையில் ஏற்றும் விளக்கு இரண்டு நாள் ஏற்றப்படாமல் இருந்தாலோ, மோட்டார் சைக்கிளில் மெதுவாகச் செல்பவனுக்கு அதுவே போதும். இதற்காக எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வெளியூர் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது திருடனுக்குப் பயந்து தீயை வரவழைப்பதாகும். மாலையில் தானே எரிந்து காலையில் தானே அணையும்படி மின்விளக்கை இயக்கும் சிறு கருவி சாமான் கடைகளில் கிடைக்கிறது. பழைய செருப்பு இரண்டு ஜோடி வாசலில் கிடக்கட்டும். விளம்பரத் தாள்களை எடுத்துப் போடும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் காலணி அடுக்கிலும் தபால் பெட்டிக்குள்ளும் ஒளித்துவைப்பது நம்மிடையே விடாத பழக்கம். அங்கெல்லாம் திருடன் முதலிலேயே பார்த்துவிடுவான். முகநூலில், “இரண்டு நாளாகக் குடும்பத்தோடு கேமரன் மலையில்” என்று படம் போடுவதும் அதைப் போன்றதே. படங்களைத் திரும்பி வந்து போட்டாலும் பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள்.

கிரில் கதவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டில் இரும்புக் கிரில் இல்லாத தரைவீடு அரிது. கதவுக்குக் கிரில், ஜன்னலுக்குக் கிரில், பின்புறச் சமையற்கட்டுக்கும் கிரில். இவற்றுக்கெல்லாம் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உறங்குகிறோம். திருடன் உள்ளே வராமல் இருக்க இது உதவும். ஆனால் நள்ளிரவில் தீப்பிடித்தால் நாம் வெளியேற முடியாமல் போவதற்கும் இதுவே காரணமாகிவிடுகிறது. பூட்டிய கிரிலுக்குப் பின்னால் சிக்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை நம் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். புகை சூழ்ந்துவிட்டால் சொந்த வீட்டிலேயே திசை தெரியாது. பத்துச் சாவிகளில் எது எதற்கு என்று தேடுவதற்கு நேரமும் இராது. பண்டிகை நாள்களிலோ சாமி மேடையில் விளக்கு, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, ஒரே மின்குழாயில் நாலைந்து அலங்கார விளக்குகள் என்று தீக்கான வாய்ப்பும் கூடுகிறது. கூடத்தில் பாய் விரித்து உறங்கும் விருந்தினருக்கோ நம் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

ஆகவே ஒவ்வொரு கிரிலுக்கும் ஒரு மாற்றுச் சாவியை, வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத, உள்ளிருப்பவர் இருட்டில் தடவினாலும் கிடைக்கக்கூடிய ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். அந்த ஆணி பாட்டிக்கும் தெரிய வேண்டும். ஏழு வயதுப் பேரனுக்கும் தெரிய வேண்டும். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளையே சாவியை எடுத்துக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கும். படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றிலாவது திறக்கக்கூடிய கிரில் இருப்பது மிக அவசியம்.

அடுத்தது நகை. தங்கம் விற்கும் விலை அனைவரும் அறிந்ததே. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் முதன்முறையாக 4,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. ஒரு பவுன் சங்கிலியே பலருடைய ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சும் காலத்தில், இருக்கும் நகை அனைத்தையும் அணிந்துகொண்டு தைப்பூசக் கூட்டத்தில் நிற்பது பக்திக்கும் உதவாது, அழகுக்கும் உதவாது. தாலிச் சங்கிலியைச் சேலைக்குள் விட்டு ஊக்கு மாட்டிக்கொள்வது நல்லது. இரதம் நெருங்கும்போது இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்புகிறோம். கண் மூடியிருக்கிறது, கை மேலே இருக்கிறது, பணப்பையோ தோளில் தொங்குகிறது. ஜேப்படிக்காரன் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான். கைப்பையை முன்புறமாக மாட்டிக்கொண்டு கும்பிட்டாலும் முருகன் அருள் குறைந்துவிடாது. வீட்டில் விட்டுச் செல்லும் நகைக்கு வங்கிப் பாதுகாப்புப் பெட்டகமே சிறந்தது. அரிசி டின்னும் சாமி அறையும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. நகைகளைப் படம் எடுத்து, எடையும் குறித்து, ரசீதுகளோடு வேறோர் இடத்தில் வைத்திருந்தால், கெட்டது நடந்தாலும் போலீசில் புகார் கொடுக்க ஆதாரம் இருக்கும்.

இத்தனை செய்தாலும், பூட்டு என்பது திருடனைத் தாமதப்படுத்தும் பொருளே தவிர வேறில்லை. இரும்பு வெட்டும் கருவிக்கு முன் எந்தப் பூட்டும் நெடுநேரம் தாங்காது. அந்தத் தாமதத்தின்போது யாராவது பார்க்கிறார்களா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, “யார் நீங்கள்?” என்று கேட்கிறார்களா என்பதைப் பொறுத்தே வீடு பிழைக்கும்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. லயத்து வீடுகளுக்குப் பேருக்குத்தான் கதவு. ஆனால் அந்நியர் ஒருவர் தோட்டத்துக்குள் நுழைந்தால், அவர் யார் வீட்டு விருந்தாளி என்று கடைசி வீடு வரைக்கும் உடனே தெரிந்துவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் நம்மவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது, பூட்டும் கிரிலும் கண்காணிப்பு கேமராவும் வாங்கிக்கொண்டோம். இடப்புறத்து வீட்டுக்காரரின் பெயரைத்தான் தெரிந்துகொள்ளவில்லை. தாமான் வாயிலில் சம்பளத்துக்குக் காவலர் வைத்திருக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். அவர் வந்துபோகும் காரின் எண்ணைக் குறித்துக்கொள்வார். உங்கள் வீட்டுப் பின்கதவை யார் தள்ளுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் காக்க வேண்டும் என்பதை நம் அரசாங்கமே ஓர் இயக்கமாக்கியது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக், கோலாலம்பூரில் காசிப்பிள்ளை என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய கம்பத்தில் ருக்குன் தெத்தாங்காவைத் தொடக்கி வைத்தார். தொடக்கத்தில் குடியிருப்பின் ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து செல்வதே அதன் முதற்பணியாக இருந்தது. பின்னர் நல்லிணக்கமும் அயலார் உறவும் முதன்மை பெற்றன. 2012-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தன்னார்வ ரோந்துத் திட்டமும் அதில் இடம்பெற்றது. இத்தகைய குழு உள்ள குடியிருப்புகளில் நம்மவர்களும் பெயர் கொடுக்க வேண்டும். ஆலயத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி போதாமல் நிற்கிறோம். தாமான் கூட்டத்தில் நம் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இதில் நமக்கு வாய்த்த ஒரு பேற்றை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. ஒரே தெருவில் மூன்று இனத்தார் வாழ்கிறோம். ஒவ்வொருவர் பண்டிகையும் வெவ்வேறு நாளில் வருகிறது. 2026-ஆம் ஆண்டின் நாள்காட்டியில் பிப்ரவரி 1 தைப்பூசம். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. மார்ச்சில் நோன்புப் பெருநாள். நவம்பர் 8 தீபாவளி. நாம் தண்ணீர்மலையில் இருக்கும்போது மலாய்க்காரரும் சீனரும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நாம் இருக்கிறோம். ஊர் முழுவதும் ஒரே நாளில் காலியாகிற நாடுகளில் இந்த வசதி கிடையாது. பண்டிகைக்குப் பண்டிகை காவல் முறை மாறிக்கொள்ளும் ஏற்பாடு நம் தெருவிலேயே இயற்கையாக அமைந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்: “மாக்சிக், வியாழன்வரை இருக்க மாட்டோம். யாரும் வர வேண்டியதில்லை. லாரியோ வேனோ வந்து நின்றால் எனக்கு அழையுங்கள்.” எந்த நாள்வரை, யார் வரக்கூடும், எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்கிறவர்களைப்போல் பகலிலேயே வேனைக் கொண்டுவந்து நிறுத்திப் பொருள்களை ஏற்றிச் செல்லும் துணிச்சல்காரர்களும் உண்டு. ஆள் இருக்க மாட்டார்கள் என்று முன்பே அறிந்த பக்கத்து வீட்டார்தான் அதைச் சந்தேகிக்க முடியும். அவர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கிளம்பும்போது நாமே வலியப் போய், “எத்தனை நாள்? நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்ல வேண்டும்.

பல நாள் வெளியூர் போகிறவர்கள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் தரும்படி காவல்துறை ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்டுக்கொள்கிறது. அதற்கெனப் படிவமும் உண்டு. நிரப்ப நேரம் அதிகம் பிடிக்காது. ரோந்துக் காருக்கு உங்கள் தெரு நினைவில் இருக்கும். சந்தேகப்படும்படி எதைக் கண்டாலும் துரத்திப் போக வேண்டாம். வாகன எண், நிறம், போன திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழைப்பதே போதும்.

கதவை உடைக்காமலே கொள்ளையடிக்கும் முறை இன்று பெருகிவிட்டது. அதில் நன்கொடையாளர்களாகிய உங்களை நேரடியாகத் தொடும் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். திருவிழா நெருங்கும்போது ரசீதுப் புத்தகத்தோடு வீடு தேடி வருபவர்கள் எல்லாரும் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அன்னதானத்துக்கென்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு எண்கள் எல்லாம் ஆலயத்தின் கணக்குகளும் அல்ல. அண்டை நாட்டின் ஜகார்த்தாவில் 2023 ஏப்ரலில் பள்ளிவாசல்களின் நன்கொடைப் பெட்டிகளில் தம்முடைய கியூஆர் குறியீட்டை ஒட்டிவைத்ததாக ஒருவர் கைதானார். எந்தச் சமயத்தாரின் தருமத்தையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. கைப்பேசியில் பணம் செலுத்தும்போது பெறுநர் பெயர் திரையில் தோன்றும். அது ஆலயத்தின் பெயரா, தனி மனிதர் பெயரா என்று பார்த்த பிறகு அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் ஆலய அலுவலகத்துக்கு நேரில் வந்து கட்டி ரசீது பெற்றுக்கொள்ளலாம். நாங்கள் யாரும் தவறாக நினைக்க மாட்டோம். ஏமாந்து பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாளைக் கடத்தாமல் உடனே வங்கிக்கும், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். பணம் கணக்குக் கணக்காகக் கைமாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எல்லாரும் கோயிலுக்குப் போகும்போது முழங்கால் வலியால் வீட்டிலேயே தங்கிவிடும் தாத்தா பாட்டியைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தேன், மின்மானி பார்க்க வந்தேன் என்று யாராவது வந்தால் கிரிலைத் திறக்காமலே பேசலாம் என்பதை அவர்களிடம் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்தவரை வெளியே நிறுத்துவது நம் முதியோருக்கு மனம் ஒப்பாத செயல். ஆனாலும் அடையாள அட்டையைக் கம்பி வழியே காட்டச் சொல்லி, மகனுக்கோ மகளுக்கோ அழைத்துக் கேட்கும்வரை காத்திருக்க வைப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உண்மையான ஊழியர் நிற்பார். நிற்காமல் நழுவுகிறவர் அடுத்த வீட்டுக்குத்தான் போவார் என்பதால், பக்கத்து வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகில் ஒட்டி வையுங்கள்.