பிரிட்ஜ் ஆட்டமும் நிகழ்தகவும்

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருள் பலர் முகஞ்சுளிப்பது வியப்பன்று. மந்தின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு அச்சொல் சம்பள நாள் இரவையும், லயத்தில் விரித்த பாயையும், மறுநாள் மளிகைக் கடையில் ஏறிய கடனையும் நினைவூட்டக்கூடும். பொருள் வைத்தாடும் சூதுக்குப் பரிந்து பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. துரைமார் தங்கள் கிளப்புகளில் ஆடிவந்த பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தில், வாழ்க்கைக்கும் பயன்படும் ஒரு கணக்கறிவு பொதிந்துள்ளது. அதனை எடுத்துக்காட்டுவதே நோக்கம்.

தமிழாசிரியர்க்கு நளன் கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. புட்கரனோடு சூதாடி நாடிழந்த நளன், பின்னர் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிச் செல்லும் வழியில் ஒரு தான்றி மரம் எதிர்ப்படுகிறது. அதன் காய்கள் இத்துணை என மன்னன் பார்த்த அளவிலேயே கூறுகிறான். வியாச பாரதத்தில், இரண்டு கிளைகளில் மட்டும் 2,095 காய்கள் உள்ளன என்பது அவன் கணக்கு. நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்க, அது சரியாகவே இருக்கிறது. தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையை அவன் பெறுகிறான். அதன் பின்னரே மீண்டும் ஆடி நாட்டை வெல்கிறான். தான்றிக் காய்களே பண்டைக் காலத்தில் சூதாடு காய்களாகவும் பயன்பட்டன. அயன் ஹாக்கிங் என்னும் அறிஞர், நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975-இல் வெளியிட்ட நூலில் இக்கதையைச் சுட்டிக்காட்டியுள்ளார்.

மேலைநாட்டில் இக்கலை கணித நூலாக வளரத் தொடங்கியது 1654-இல் ஆகும். பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றிப் பாஸ்கல், பெர்மா ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். சமமாக நிகழக்கூடிய வழிகள் மொத்தம் எத்தனை, அவற்றுள் நமக்கு உகந்தவை எத்தனை என்னும் விகிதமே நிகழ்தகவு.

இனிப் பிரிட்ஜ் ஆட்டத்தைக் காண்போம். ஆடுவோர் நால்வர். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணி. ஆளுக்கு 13 சீட்டுகள். ஒருவர் கைக்கு வரக்கூடிய தொகுதிகள் 635,013,559,600, அதாவது அறுபத்து மூவாயிரம் கோடிக்கும் மேல்! நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இட, வென்ற சீட்டுக்குரியவர் எடுப்பது ஒரு பிடி. இலங்கைத் தமிழர் ஆடும் முன்னூற்றுநாலு ஆட்டத்தை அறிந்தோர்க்குப் பிடியும் துருப்பும் புதியன அல்ல. ஏலத்தில் இத்தனை பிடி எடுப்போம் என்று கூறிய அணி அத்தனையும் எடுத்தாக வேண்டும். ஆடுபவரின் துணைவர் தம் சீட்டுகளை மேசைமேல் விரித்துவிடுவார். ஆகவே ஆடுபவர் 26 சீட்டுகளைக் காண்கிறார். மற்ற 26 சீட்டுகள் எதிரிகள் இருவரிடையே எவ்வாறு பிரிந்துள்ளன என்பதே அவர் அறியாதது.

ஓர் எடுத்துக்காட்டு. துருப்பில்லாத ஆட்டம் ஒன்றில் நமக்கு வேண்டியதில் ஒரு பிடி குறைகிறது. எதிரி ஒரு பிடி எடுத்துவிட்டாலோ, தம் நல்ல சீட்டுகளை வரிசையாக ஆடி நம்மை வீழ்த்திவிடுவார். குறையும் பிடிக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது இஸ்பேட். மேசைமேல் ஏஸ், ராஜா, ராணி, அவற்றோடு ஓர் இரண்டு. நம் கையில் மூன்று சிறு சீட்டுகள். எஞ்சிய ஆறும் எதிரிகளிடம் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தால், மூன்று சுற்றில் அவை தீர்ந்துபோக, அந்த இரண்டும் ஒரு பிடி வெல்லும். இரண்டாவது ஆர்ட்டின். மேசைமேல் ஏசும் ராணியும் உள்ளன, ராஜா எதிரியிடம். நம் கையிலிருந்து சிறு சீட்டை ஆடுகிறோம். இடப்பக்கத்தார் சிறு சீட்டிட்டால் ராணியை இடுகிறோம். ராஜா அவரிடம் இருந்தால் ராணி வெல்லும். வலப்பக்கத்தாரிடம் இருந்தால் தோற்கும்.

ஆறு சீட்டுகள் மூன்று மூன்றாகப் பிரிவதே இயற்கை என்று மனம் சொல்லும். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. மூன்று மூன்றாகப் பிரிவது நூற்றுக்கு 36 முறையே. நான்கும் இரண்டுமாகப் பிரிவது 48, ஐந்தும் ஒன்றுமாக 15, ஆறும் ஒருவரிடமே இருப்பது 1. ராணியை இடும் வழியோ நூற்றுக்கு 50. அப்படியானால் 36-ஐ விடுத்து 50-ஐப் பற்றிக்கொள்வதா? அன்று. இஸ்பேட்டை முதலில் ஆடிப் பார்ப்பதால் நமக்கு இழப்பு ஏதுமில்லை. அது 36 முறை கைகொடுக்கும். கைகொடாத 64 முறையிலும் ஆர்ட்டின் வழி இருக்கிறது. அதில் பாதி 32. கூட்டினால் 68! வரிசையை மாற்றி ராணியை முதலில் இட்டவர்க்கு 50 மட்டுமே. சீட்டுகள் அவையே, வேறுபாடு வரிசையில் இருக்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இஸ்பேட்டில் இடப்பக்கத்தாரிடம் இரண்டும் வலப்பக்கத்தாரிடம் நான்கும் இருந்தன என்று தெரிந்தால், நமக்கு வேறு செய்தி எதுவும் கிடைக்காத நிலையில், எஞ்சிய 20 சீட்டுகளுள் 11 இடப்பக்கத்தாருடையவை. ஆகவே ராஜா அவரிடம் இருக்கும் வாய்ப்பு 50-இலிருந்து 55 ஆகிறது. புதிய செய்தி கிடைக்குந்தோறும் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

இத்தனையும் செய்தும் நூற்றுக்கு 32 முறை தோல்வி வரும். அதனால் முடிவு தவறென்று ஆகாது. பெரிய போட்டிகளில் ஒரே சீட்டுப் பங்கீடு பல மேசைகளிலும் ஆடப்படும். அதே சீட்டுகளைப் பெற்ற பிறர் செய்ததோடு ஒப்பிட்டே மதிப்பெண் தரப்படும். கையில் விழுந்த சீட்டின் நன்மை தீமை அங்கே பெரிதும் ஒதுங்கிவிடுகிறது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஆடவர் இரட்டையர் பிரிவில் பொற்பதக்கம் பெற்ற இந்தியர்கள் பிரணாப் பர்தனுக்கு 60 வயது. சிப்நாத் சர்க்காருக்கு 56. உடல் வலியினும் கணித்தறியும் பயிற்சியே அங்கு வென்றது.

சம்பள இரவில் பாயில் அமர்ந்தவரைக் கெடுத்தது பெரும்பாலும் முதல் தோல்வியன்று; முதல் வெற்றியே. தவறான வழி ஒருமுறை பலித்தது. அதனை அவர் சரியான வழியென்று எண்ணிவிட்டார். ஆட்டம் நடத்துபவர் சுற்றுதோறும் பங்கெடுத்தால், விடியும்போது ஆடியோர் அனைவரிடமும் உள்ள பணத்தைக் கூட்டினாலும் அது குறைந்தே இருக்கும் என்பதை அவர்க்கு எவரும் கணக்கிட்டுக் காட்டவில்லை. வகுப்பறையிலும் இதே நெறி வேண்டும். நன்கு சிந்தித்து ஒருமுறை தோற்ற மாணவனிடம் அவன் வழியைப் பழியாதிருப்போம். சிந்தியாமல் ஒருமுறை வென்றவனிடம் அவன் வழியைப் புகழாதிருப்போம்.