வடிவமைப்பாளரின் அசாதாரணத் திறன் குடிவரவு மனு

வடிவமைப்பாளரின் அசாதாரணத் திறன் குடிவரவு மனு என்பது, வடிவமைப்புத் துறையில் உயர்நிலையை எட்டிய ஒருவர் ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றுவதற்கோ நிரந்தரமாகக் குடியேறுவதற்கோ அந்நாட்டின் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவை அமைப்பிடம் அளிக்கப்படும் மனு ஆகும். ஆடை, துணி, அணிகலன், வரைகலை, எழுத்துரு, தொழிற்பொருள், கணினித் திரை இடைமுகம் முதலியவற்றை வடிவமைப்போர் இவ்வகை மனுவுக்கு உரியவராகலாம்.

இம்மனுவில் திறமை நேரடியாக அளக்கப்படுவதில்லை. அத்திறமைக்குப் பிறர் அளித்த அங்கீகாரமே, மனுவுக்குரியவரின் பெயரோடு இணைந்த ஆவணங்களின் வழியாக மதிப்பிடப்படுகிறது. வடிவமைப்போ பெரும்பாலும் பலர் கூடிச் செய்யும் பணி. செய்தவரின் பெயர் பொருளின் மீது இருப்பதும் அரிது. எனவே இத்துறையினருக்குத் தம் பங்கைப் பிரித்துக் காட்டுவதே மனுவின் கடினமான பகுதியாக அமைகிறது.

சட்டப் பின்னணி

1990 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இதற்கான இரு வழிகளை உருவாக்கியது.

1. ஓ-1 நுழைவிசைவு: இது தற்காலிகமானது. முதலில் மூன்று ஆண்டுகள் வரை வழங்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்படலாம். வடிவமைப்பாளர் தாமே மனு அளிக்க இயலாது. அமெரிக்காவிலுள்ள பணி வழங்குநரோ முகவரோ அளிக்க வேண்டும். துறைசார் அமைப்பொன்றின் எழுத்து வடிவிலான கருத்துரையும் பொதுவாகத் தேவை.

2. ஈபி-1ஏ பிரிவு: இது நிரந்தரக் குடியுரிமம் (பச்சை அட்டை) பெறும் வழியாகும். பணி வழங்குநர் தேவையில்லை. வடிவமைப்பாளர் தமக்காகத் தாமே ஐ-140 படிவத்தில் மனு அளிக்கலாம். எனினும் அமெரிக்காவிலும் அதே துறையில் பணியைத் தொடரவிருப்பதைக் காட்ட வேண்டும்.

ஓ-1 பிரிவில் கலைத்துறையினருக்கு அளவுகோல் சற்றுத் தாழ்ந்தது. வழக்கமாகக் காணப்படுவதைவிடக் கணிசமாக மேம்பட்ட திறனும் துறையில் பெற்ற நற்பெயரும் போதுமானவை. ஈபி-1ஏ பிரிவிலோ கலைஞருக்கும் அறிவியலாளருக்கும் அளவுகோல் ஒன்றே: துறையின் உச்சியை எட்டிய மிகச் சிலருள் ஒருவராகவும், நாட்டளவிலோ உலகளவிலோ நீடித்த புகழ் உடையவராகவும் இருத்தல் வேண்டும். ஆதலால் ஓ-1 பெற்ற ஒருவருக்கு ஈபி-1ஏ மறுக்கப்படுவதும் உண்டு.

பத்து அளவுகோல்கள்

உலகப் புகழ்பெற்ற பெரும் விருது ஒன்றைப் பெற்றவருக்கு அதுவே போதிய சான்றாகக் கொள்ளப்படலாம். ஏனையோர் பின்வரும் பத்தில் குறைந்தது மூன்றை நிறைவு செய்ய வேண்டும்.

1. நாட்டளவிலோ உலகளவிலோ அறியப்பட்ட பரிசுகள்
2. சிறந்த சாதனையாளரை மட்டுமே சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினராதல்
3. துறை இதழ்களிலோ பெரிய ஊடகங்களிலோ அவரைப் பற்றி வெளிவந்த கட்டுரைகள்
4. பிறருடைய படைப்புகளுக்கு நடுவராக இருத்தல்
5. பெரும் முக்கியத்துவம் வாய்ந்த சொந்தப் பங்களிப்புகள்
6. ஆய்வுக் கட்டுரைகள்
7. கலைக் கண்காட்சிகளில் படைப்புகள் இடம்பெறுதல்
8. புகழ்பெற்ற நிறுவனங்களில் தலைமையான அல்லது இன்றியமையாத பொறுப்பு
9. துறையில் பிறரைவிட உயர்ந்த ஊதியம்
10. நிகழ்த்து கலைகளில் வணிக வெற்றி

பத்தாவது அளவுகோல் வடிவமைப்பாளருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஏழாவதில் 'கலை' என்னும் சொல் முக்கியமானது. ஓர் ஆடை வடிவமைப்பாளரின் படைப்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டால் அது பொருந்தும். ஒரு தொழிற்பொருள் வணிகக் கண்காட்சியில் வைக்கப்பட்டால் அப்படியே பொருந்தாது. இத்தகைய நிலையில் அதனை 'ஒப்பிடத்தக்க சான்று' என்று தக்க காரணம் காட்டி அளிக்கலாம்.

ஐந்தாவது அளவுகோலுக்கு வடிவமைப்புக் காப்புரிமை ஒரு தொடக்கமே. அதில் வடிவமைத்தவரின் பெயர் இருப்பதால் யார் செய்தது என்னும் கேள்வி தீர்கிறது. ஆனால் அவ்வடிவம் துறையில் பரவலாகப் பயன்பட்டது, அல்லது பிறர் அதனைப் பின்பற்றினர் என்று காட்டினால்தான் அதன் முக்கியத்துவம் நிறுவப்படும்.

இரு படி மதிப்பீடு

மூன்று அளவுகோல்களை நிறைவு செய்வது மட்டும் வெற்றி ஆகாது. கசாரியன் என்னும் இயற்பியலாளரின் வழக்கில், விதியில் இல்லாத நிபந்தனைகளை அளவுகோல்களோடு சேர்க்கக் கூடாது என 2010 இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. எனினும் அவர் இரண்டு அளவுகோல்களையே நிறைவு செய்திருந்ததால் மனு மறுக்கப்பட்டது நிலைத்தது. இத்தீர்ப்பை அடுத்துக் குடிவரவு அமைப்பு இரு படி முறையை மேற்கொண்டது. முதற்படியில் அளவுகோல்கள் எண்ணப்படும். இரண்டாம் படியில் சான்றுகள் அனைத்தும் ஒருங்கே எடைபோடப்படும்.

மெய்ப்பிக்கும் சுமை மனுதாரருடையது. ஆனால் குற்றவியல் வழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கூற்று உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும்.

பெயர் என்னும் சிக்கல்

திண்டுக்கல் மாவட்டத்தின் சின்னாளப்பட்டி கைத்தறிச் சேலைகளுக்கும் சுங்குடிச் சேலைகளுக்கும் பெயர் பெற்றது. ஒரு சேலையின் கரையையும் கட்டங்களையும் வகுத்தவர் யார் என்று வாங்குபவர் அறிவதில்லை. சேலை ஊரின் பெயராலோ கடையின் பெயராலோ விற்கப்படுகிறது. மதுரைச் சுங்குடி 2005 இல் பெற்ற புவிசார் குறியீடு போன்ற உரிமைகளும் ஒரு பகுதியின் உற்பத்தியாளர் அனைவருக்கும் உரியவை. தனி ஒருவரின் சாதனைக்குச் சான்றாகா. பெரிய நிறுவனத்தில் கைப்பேசித் திரையை வடிவமைப்பவருக்கும் இதே நிலைதான். பொருள் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தாலும் புகழ் நிறுவனத்துக்கே சேர்கிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு இந்திய ரூபாய்க் குறியீடு ஆகும். கள்ளக்குறிச்சியில் பிறந்த த. உதயகுமாரின் வடிவம் நாடளாவிய திறந்த போட்டியில் வென்று, 2010 சூலை 15 அன்று நடுவண் அரசால் ஏற்கப்பட்டது. அவர் இத்தகைய குடிவரவு மனு அளித்தார் என்பது இதன் பொருளன்று. பரிசு, ஊடகக் கட்டுரைகள், ஒரு நாடே பயன்படுத்தும் பங்களிப்பு என்னும் மூன்றும் ஒரே பெயரில் ஆவணமாகும் விதத்தை இது விளக்குகிறது.

பெயர் வெளிப்படாத வடிவமைப்பாளர் தேதியிட்ட வரைவுகள், ஒப்பந்தங்கள், திட்டப் பொறுப்பைக் குறிக்கும் நிறுவனக் கடிதங்கள் ஆகியவற்றைத் தொடக்கம் முதலே சேர்த்து வைப்பது பயன் தரும். செருமனியின் ரெட் டாட், ஐஎஃப் போன்ற விருதுகள் பொருளுக்கு வழங்கப்படுபவை. அவற்றின் பட்டியலில் வடிவமைப்பாளரின் பெயரும் இடம்பெறச் செய்தல் வேண்டும்.

கடிதங்களும் மொழிபெயர்ப்பும்

வல்லுநர் கடிதங்கள் சான்றுகளை விளக்குவன. சான்றுகளுக்கு ஈடாவன அல்ல. பொதுவான பாராட்டைவிட, எந்த வடிவம் எவ்வாறு எங்கே பயன்பட்டது என்று கூறும் கடிதம் வலியது. உடன் பணிபுரியாத வல்லுநரின் கடிதம் மேலும் மதிப்புடையது.

தமிழ் இதழில் வந்த கட்டுரையும் சான்றாகும். ஆனால் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்னும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் இணைக்கப்பட வேண்டும். கட்டுரையின் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் ஆகியன குறிக்கப்பட வேண்டும்.

பணம் கொடுத்துப் பெற்ற விருதுகளும் எழுதுவிக்கப்பட்ட கட்டுரைகளும் மனுவை வலுவிழக்கச் செய்யும். முக்கியமான செய்தியில் வேண்டுமென்றே பொய் கூறியது கண்டறியப்பட்டால், விலக்கு பெற்றாலொழிய, அந்நாட்டில் நுழைய வாழ்நாள் முழுதும் தகுதி இழக்க நேரிடும்.

இந்தியாவில் பிறந்தோர் நிலை

ஈபி-1ஏ மனு ஏற்கப்பட்டவுடன் பச்சை அட்டை கிடைத்துவிடுவதில்லை. வேலை அடிப்படையிலான குடியேற்றத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்களே உள்ளன. பொதுவாக ஒரு நாட்டினருக்கு 7 விழுக்காட்டு வரம்பும் உண்டு. 2023 ஆகத்து மாதத்தில் இப்பிரிவில் இந்தியருக்கான தேதி 2012 சனவரி 1 வரை பின்னோக்கித் தள்ளப்பட்டது.

இங்கு நாடு என்பது பிறந்த நாடு, குடியுரிமை அன்று. சேவுகம்பட்டியில் பிறந்து பின்னர்க் கனடியக் குடியுரிமை பெற்ற ஒருவரும் இந்தியாவின் கணக்கிலேயே வரிசையில் நிற்பார். வாழ்க்கைத் துணை வேறு நாட்டில் பிறந்தவராயின் அந்நாட்டுக் கணக்கைப் பயன்படுத்த இயலும். ஓ-1 நுழைவிசைவுக்கு ஆண்டு வரம்பு இல்லை. எனவே இந்தியாவில் பிறந்த வடிவமைப்பாளர் சிலர் ஓ-1 வழியே பணியாற்றிக்கொண்டு தம் முறைக்குக் காத்திருக்கின்றனர்.

பிற நாடுகள்

ஐக்கிய இராச்சியத்தில் 2020 இல் தொடங்கப்பட்ட உலகத் திறமை நுழைவிசைவு இதனை ஒத்தது. அங்கு ஆடை வடிவமைப்பாளர்கள் கலை மற்றும் பண்பாட்டுப் பிரிவின்கீழ்த் துறைசார் அமைப்பின் ஒப்புதலைப் பெற்று விண்ணப்பிக்கலாம்.