உங்களுக்குத் தெரியுமா? – துருவில் இறுகிய பழைய சைக்கிள்

தாத்தா ஓட்டிய ராலேவோ ஹெர்குலிஸோ கொட்டகை மூலையில் கிடக்கிறதா? அதை மீட்க ஸ்பேனரை எடுக்குமுன் இவற்றைப் படித்துவிடுங்கள். எது எதைப் பிடித்திருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. பலம் அதற்கு அப்புறம்தான்.

● இரும்பு செந்துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளி அடைபட்டு, மரைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மூச்சைப் பிடித்து முறுக்கினால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வருவது இதனால்தான்.

● தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மரைக்குள் ஊடுருவ அது உதவாது. துரு இளக்குவதற்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். தட்டுகிற அதிர்வில் துரு விரிசல் விடும். எண்ணெய் உள்ளே இறங்கும்.

● டபிள்யூடி-40 பிறந்தது 1953-இல், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில். ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை அது. 40-ஆவது முயற்சியில் பலித்ததால் அந்த எண். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கத்தான் முதலில் பயன்பட்டது.

● இடது பெடலின் மரை தலைகீழானது. வலது பெடலை இடஞ்சுழியாகவும் இடது பெடலை வலஞ்சுழியாகவும் திருப்பினால்தான் கழலும். குழப்பமே வராதிருக்க ஒரு வழி உண்டு. பெடல் அச்சில் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அதன் மேல்முனையைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலுக்கும் இது பொருந்தும்.

● கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் (பி.பி.) கப்பிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. ஆங்கிலேய மரை வெட்டிய பிரேமில், செயின் பக்கத்துக் கப் வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இத்தாலிய பிரேமிலும், பெரும்பாலான பழைய பிரெஞ்சு பிரேம்களிலும் அதே கப் இடஞ்சுழியாகத்தான் கழலும். வண்டி எந்த ஊர் என்று பாராமல் பலம் போட்டால் கழற்ற நினைத்ததை இன்னும் இறுக்கிவிடுவீர்கள்.

● கிராங்கை அச்சோடு பூட்டியிருக்கும் காட்டர் பின், ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய ஆப்பு. நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மரைமுனையில் அடித்தால் முனை நசுங்கி அகன்றுவிடும். பிறகு துளை வழியே வராது. நட்டை மரைமுனையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்கின் அடியில், பின்னின் தலைக்கு நேராக, ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். பின் இறங்க குழாயின் வாயில் இடமிருக்கும். பிறகு கனமான சுத்தியலால் நேராக, உறுதியாக ஓர் அடி. முட்டு இல்லாவிட்டால் அந்த அடி பெயரிங் குண்டுகளில் இறங்கிக் கப்பில் குழி விழும்.

● மிதிக்க மிதிக்க பிரீவீல் இறுகிக்கொண்டே போகும். பல வருட மிதி அதில் சேர்ந்திருக்கிறது. பிரீவீல் கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைப் பொருத்தி, பேருந்து ஸ்டீயரிங்கைப் போல ரிம்மை இரு கையாலும் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ரிம் துருப்பிடித்துப் போனதென்று போக்ஸ் கம்பிகளை முதலில் வெட்டிவிடாதீர்கள். சக்கரம்தான் உங்கள் நெம்புகோல்.

● இரும்பு பிரேமில் அலுமினிய சீட் பில்லர் பிடித்துக்கொண்டால் சூடுகாட்டுவது பலன் தராது. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிடி இன்னும் இறுகும். பில்லரில் ஐஸ் வைத்துக் குளிரவைத்துத் திருப்புங்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் சிக்கியிருந்தால் மட்டும் சூடு கைகொடுக்கும்.

● குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீயைக் காட்டவே கூடாது. சூட்டில் அது பாஸ்ஜீன் வாயுவாகச் சிதையக்கூடும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய விஷவாயு அதுதான்.

● முதல் அசைவு கிடைத்ததும் ஒரேயடியாகக் கழற்ற அவசரப்படாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, பாதி இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடி தளர்த்துங்கள். துருப்பொடி வெளியேறும், மரை பிழைக்கும்.

● மறுபடி பூட்டும்போது மரைகளிலும் சீட் பில்லரிலும் கிரீஸ் தடவுங்கள். இரு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகாமல் அது தடுக்கும். வருடம் ஒருமுறை பில்லரை உருவித் துடைத்து மீண்டும் கிரீஸ் போட்டால், அடுத்த தலைமுறை அந்தச் சைக்கிளைச் சுத்தியல் இல்லாமலே கழற்றும்.