பத்தில் ஒருத்தி

உங்கள் பெண்ணுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்டு விநியோகம் ஆனதும் எதிர் வீட்டு மாமி மெல்ல ஆரம்பிப்பாள்: "அங்கே ஒரே பையன்களாமே! எப்படித்தான் தைரியமாக அனுப்புகிறீர்களோ?"

மாமி சொல்வது வாஸ்தவந்தான். 1959-ல் தோன்றிய அந்தக் கலாசாலை வெகுகாலம் ஆண்பிள்ளைகளின் ராஜ்யமாகவே இருந்து வந்தது. விடுதிகளுக்கு நதிகளின் பெயரை வைத்தார்கள். கங்கா, யமுனா, காவேரி, கோதாவரி, நர்மதா! பெயரெல்லாம் பெண் பெயர். உள்ளே தோளில் துண்டோடு நடமாடியவர்கள் அத்தனை பேரும் பையன்கள். 2017-ல்கூட நாட்டிலுள்ள ஐ.ஐ.டி.களில் பி.டெக். வகுப்பில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஒரு பெண்கூடத் தேறவில்லை.

அப்படியானால் அந்த ஒருத்தி ராணி மாதிரி இருப்பாள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஒரு பையனிடம் கணக்கில் சந்தேகம் கேட்டால், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விடுதியே இருவருக்கும் முடிச்சுப் போட்டுவிடும். பாவம், அந்தப் பையனையும் குறை சொல்வதற்கில்லை. பதினைந்து வயதிலிருந்து கோச்சிங் வகுப்பே கதி என்று கிடந்தவன். தங்கையைத் தவிர வேறு பெண்ணிடம் நாலு வார்த்தை பேசியிராதவன். அவள் சிரித்துப் பேசினால் காதல் என்று எண்ணிக்கொள்கிறான். "இல்லையப்பா, சிநேகிதம்தான்" என்று அவள் சொன்னால், அவளுக்குக் கர்வி என்று பெயர். ஜனவரியில் சாரங் விழாவுக்கு மற்றக் கல்லூரிப் பெண்கள் வரும்போது மட்டும் எல்லாச் சட்டைகளும் இஸ்திரி காணும்!

பெண்ணுக்குக் குறை காதலர்கள் இல்லாததல்ல, தோழிகள் இல்லாதது. இதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்ட தகப்பனார் ஒருவர் பக்கத்துக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவருடைய மகள் லலிதா பதினெட்டு வயதில் விதவையானவள், கைக்குழந்தைக்காரி. 1940-ல் அந்தக் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தாள். நூற்றுக்கணக்கான மாணவர்கள், விடுதியில் இவள் ஒருத்தி. படிப்பு வந்தது, தனிமைதான் தாங்கவில்லை. பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. லீலம்மா, திரேசியா என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். பேச்சுத் துணை கிடைத்தது; மூவரும் எஞ்சினீயர்களாக வெளியே வந்தார்கள். பட்டப் பத்திரத்தில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம்!

அந்தத் தகப்பனார் கண்ட மருந்தைத்தான் 2018-ல் சர்க்காரும் எடுத்தது. பையன்களின் இடத்தில் கை வைக்காமல், பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள். அந்த வருஷம் 14 சதவீதம், 2020-க்குள் 20 என்று ஏற்பாடு. அறுபது பேர் வகுப்பில் ஐந்து பெண்கள் இருந்த இடத்தில் பன்னிரண்டு பேர் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? ஒருத்தி அசடு வழியலாம், ஒருத்தி தூங்கி வழியலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிடித்தவனோடு பழகலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். அன்று சாயங்காலம் கூட நடந்துவரத் தோழி இருப்பாள்.

பையனைப் பெற்ற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மகளின் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் உங்கள் பிள்ளை புத்தகத்தோடு மாடிக்கு ஓடுகிறானா? கீழே கூப்பிடுங்கள். காப்பியை அவனையே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசட்டும். கணக்கு எங்கேயும் ஓடிவிடாது.