ஏசியை எழுப்பும் அந்த ஒரு நொடி

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்து உள்கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், செல்போனுக்கு சார்ஜ் போடவும் மக்கள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், சித்திரை வெயிலில் கரண்ட் போனால் ஒரு ஏசியாவது ஓடியாக வேண்டும். குடும்பத்தோடு கிளம்பும் கேரவன் வேனுக்கும் அதே தேவைதான்.

கடையில் எல்லோரும் கேட்பது, “எத்தனை வாட்?” என்பதை. ஏசியைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்வி போதாது.

ஒரு டன் ஏசி ஓடும்போது இழுப்பது 1,100 முதல் 1,200 வாட், ஐந்தாறு ஆம்பியர். 2 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம் என்று தோன்றும். ஆனால் பழைய வகை ஏசியின் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் உறுமும் கணத்தில் மீட்டர் 30 ஆம்பியர் வரை எகிறி, ஒரு நொடிக்குள் ஆறுக்கு இறங்கிவிடும். காரணம், மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகுதான் மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்னழுத்தம் அதனுள் உருவாகிறது. நிற்கும் மோட்டாரில் அந்தத் தடை இல்லை. அது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கிறது. அந்த நொடியைத் தாங்காத ஜெனரேட்டரில் வோல்டேஜ் சரியும், இன்ஜின் திணறும், பிரேக்கர் டிரிப் ஆகும். அதனால்தான் பழைய ஒரு டன் ஏசிக்கு 3.5 கேவிஏவாவது கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஏசி நின்றால், உள்ளே உள்ள குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் சமமாக மூன்று நிமிடம் விட்டே மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் கம்ப்ரசர் திணறும்.

எனவே பெரிய ஜெனரேட்டரைத் தேடுவதற்கு முன் அந்த நொடியைச் சிறியதாக்குங்கள். இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுப்பதால் தொடக்கப் பாய்ச்சல் அநேகமாக இருக்காது. ஒரு டன்னுக்கு 2 கேவிஏ போதும். பழைய ஏசியே இருந்தால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் பொருத்தித் தொடக்க மின்னோட்டத்தைப் பாதிக்குக் கீழே இறக்கலாம்.

ஜெனரேட்டரிலும் இரண்டு வகை. சாதாரண வகை, 50 ஹெர்ட்ஸ் கொடுப்பதற்காக லோடு குறைந்தாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடியே தீர வேண்டும். இன்வெர்ட்டர் வகை, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மறுபடி மாறுமின்னோட்டமாக மாற்றித் தருவதால், தேவை குறைந்ததும் இன்ஜினும் வேகம் குறைக்கும். சத்தமும் பெட்ரோலும் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. சிறிய ஜெனரேட்டர் அதில் இரண்டு யூனிட்டைத் தந்தாலே நல்லது. லிட்டர் நூறு ரூபாய் என்றால் யூனிட் ஐம்பது ரூபாய்! ஒரு டன் ஏசி இரவு முழுக்க நிற்காமல் ஓடினால் ஐந்து லிட்டர் வேண்டும். ஊட்டிக்கு வேனில் போவோர் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 2,200 மீட்டர் உயரத்துக் காற்று மெலிந்தது, அங்கே இன்ஜினின் திறன் கால்வாசி அளவு குறைந்துவிடும்.

இத்தனையும் பணக் கணக்கு. உயிர்க் கணக்கு வேறு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் எச்சரிக்கை தரும். தூங்குபவருக்கு அதுவும் இல்லை. மழைக்கு நனையுமே என்று திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஜெனரேட்டரை வைக்கவே கூடாது. சன்னலிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, தனிக்கூரை போட்டு, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

வீட்டு வயரிங்கில் இணைப்பதானால், தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருசேர இணையாமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் பிளக் பாயின்ட் வழியாகக் கொடுத்தால், உங்கள் 230 வோல்ட் தெருவுக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயரும். கஜாவின்போது வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்ஊழியர்கள் வந்து நம் வயல்களில் கம்பம் நட்டார்கள். கரண்ட் இல்லை என்று நம்பித்தான் அவர்கள் கம்பியைத் தொடுகிறார்கள். ஜெனரேட்டர் வாங்கும் நாளிலேயே எலக்ட்ரீஷியனையும் அழைத்து அந்த சுவிட்சைப் போட்டுவிடுங்கள்.