விமான ஜன்னலில் காமிரா! - சேதுக் கரையை வானிலிருந்து படம் பிடிப்பது எப்படி?

ராமேசுவரத்துக்குப் போய் வந்தவர்கள் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். அக்னி தீர்த்தத்தில் குளித்திருப்பார்கள். கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடியிருப்பார்கள். நீண்ட பிராகாரத்தைச் சுற்றி வந்திருப்பார்கள். ஆனால் ராமேசுவரம் தீவின் உருவம் எப்படி இருக்கும் என்று கேட்டால், பலருக்குச் சொல்லத் தெரியாது.

அது அவர்களுடைய குற்றம் அல்ல. கரையில் நிற்பவர்களுக்கு மணலும் அலையும்தான் தெரியும். தீவு முழுவதும் தெரிய வேண்டுமானால், ஆகாயத்தில் ஏற வேண்டும்.

ஏறிப் பார்த்தால், அது ஒரு தனி அழகு! தீவு சங்கைப் போல இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. சங்கின் வால் போல, தென்கிழக்கே மணல் நீண்டு கொண்டே போகிறது. போகப் போக ஒடுங்குகிறது. அரிச்சல் முனையில் முடிந்து விடுகிறது. அதற்கு அப்பால், தண்ணீருக்கு அடியிலும் மேலுமாக மணல் திட்டுகள் தெரிகின்றன. அவை இலங்கையின் தலைமன்னாரை நோக்கி வரிசையாகச் செல்கின்றன.

பிரதமர் வெளியிட்ட காட்சி

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, ராமநவமி நாள். பிரதமர் நரேந்திர மோடி இலங்கைப் பயணத்தை முடித்துக் கொண்டு வான் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். வரும் வழியில் ராமர் பாலம் தெரிந்தது. மேலிருந்து எடுத்த அந்தக் காட்சியை அவர் அன்றே வெளியிட்டார். நாடு முழுவதும் மக்கள் அதைப் பார்த்தார்கள். அதே நாளில்தான் பாம்பனில் புதிய ரெயில் பாலத்தை அவர் திறந்து வைத்தார்.

ராமபிரான் கட்டிய சேது இது என்பது பக்தர்களின் நம்பிக்கை. பவளப் பாறையும் மணலும் சேர்ந்த திட்டு வரிசை இது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், செயற்கைக் கோள் அனுப்பிய லேசர் அளவுகளைக் கொண்டு இதற்கு ஒரு படம் வரைந்தார்கள். 2024-ல் அது வெளியாயிற்று. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை இதன் நீளம் 29 கிலோ மீட்டர். இதில் ஏறக்குறைய முழுப் பகுதியும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது!

கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியாததற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டில் பார்த்தால் கடல் நீர் கண்ணாடி போல வானத்தைக் காட்டி மறைத்து விடும். நேர் மேலிருந்து பார்த்தால்தான் அடியில் இருக்கும் மணல் தெரியும்.

ஜெமினியிலிருந்து ஒரு படம்

இன்னும் உயரத்திலிருந்தும் இந்தக் கடலைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1966-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், "ஜெமினி-11" என்ற அமெரிக்க விண்கலம் பூமியைச் சுற்றியது. அதில் சார்லஸ் கான்ராட், ரிச்சர்ட் கார்டன் என்ற 2 வீரர்கள் இருந்தார்கள். செப்டம்பர் 14-ந் தேதி, பல நூறு மைல் உயரத்தில் பறந்தபோது, அவர்களின் காமிராவில் இந்தியாவின் தென்கோடியும் இலங்கையும் ஒரே படத்தில் விழுந்தன.

பள்ளிக்கூடத்து தேசப்படத்தில் கோடு போட்டுக் காட்டிய கரையும் கடலும், உண்மையான நிறத்தோடு அந்தப் படத்தில் இருந்தன. தேதியும் குறித்து வைத்திருந்ததால், அந்தப் படம் இன்றும் பயன்படுகிறது.

அழிந்த ஊர்

தேதிக்கு ஏன் இத்தனை பெருமை? தனுஷ்கோடியைக் கேட்டால் தெரியும்.

ஒரு காலத்தில் தனுஷ்கோடி பெரிய துறைமுக ஊர். சென்னையிலிருந்து ரெயில் நேராக அங்கே போகும். ரெயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறினால் தலைமன்னார். ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் வந்தது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் ரெயிலை அலை அடித்துக் கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். விடிந்தபோது ஊர் இல்லை. பாம்பன் பாலமும் சேதம் அடைந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சீர் செய்தார்கள். ஊரைச் சீர் செய்ய முடியவில்லை. மனிதர் வாழத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்து விட்டது.

இன்று விமானத்திலிருந்து பார்த்தால், இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு மணல் கீற்று தெரியும். அதன் மேல் கோடு கிழித்தாற்போல ஒரு சாலை தெரியும். அரிச்சல் முனைக்குச் செல்லும் அந்தச் சாலை 2017-ல் திறக்கப்பட்டது.

ஊர் மட்டும் அல்ல, தீவும் மறைவது உண்டு. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உண்டு. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கி விட்டன. தீவுகளைச் சுற்றி அரண் போல இருந்த பவளப் பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். அரண் போனதும், அலை மண்ணைக் கரைத்து விட்டது.

மணலும் ஓர் இடத்தில் நிற்பது இல்லை. வாடைக் காற்று ஒரு பக்கம் தள்ளும். சோழகக் காற்று மறு பக்கம் தள்ளும். இந்த ஆண்டு பார்த்த திட்டு அடுத்த ஆண்டு அதே உருவத்தில் இராது. ஆகவே, இந்தக் கரையை வானிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு சாட்சி.

எந்தப் பக்கம் உட்காருவது?

ராமேசுவரத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லை. அங்கே விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025-ம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமான தளம். எனவே இந்தக் கரையைப் பார்க்க நல்ல வழி, மதுரைக்கும் கொழும்புக்கும் இடையே பறக்கும் விமானம்தான்.

மதுரையிலிருந்து கொழும்பு போகும்போது இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும்போது வலது பக்கம். இறக்கைக்கு முன்னால் இருக்கும் இருக்கை நல்லது. இறக்கை மேல் உட்கார்ந்தால் கீழே எதுவும் தெரியாது. இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால், என்ஜினிலிருந்து வரும் அனல் காற்று படத்தைக் கலங்கச் செய்யும்.

காலை நேரமே சிறந்தது. பகல் ஏற ஏற மேகமும் புகை மூட்டமும் கூடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, வானம் கழுவி விட்டாற்போல இருக்கும்.

கீழே நிறத்தைக் கவனியுங்கள். வடக்கே இருக்கும் பாக் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் 15 மீட்டர் கூட இராது. தெற்கே மன்னார் வளைகுடா, போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது. ஒரு பக்கம் வெளிறிய பச்சை. மறு பக்கம் கரு நீலம். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் மீனவர்கள் அழைக்கிறார்கள். தீவுகளைச் சுற்றி வெள்ளை நுரை வளையம் தெரிந்தால், அங்கே பவளப் பாறை இருக்கிறது என்று அறியலாம்.

படம் பிடிக்கும் முறை

விலை உயர்ந்த காமிரா தேவை இல்லை. கையில் இருக்கும் செல்போனே போதும். சில விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஜன்னலில் ஒன்றன் பின் ஒன்றாகச் சில கண்ணாடித் தகடுகள் இருக்கும். உங்கள் பக்கத்துத் தகட்டில் விரல் ரேகையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். முதலில் மெல்லிய துணியால் துடையுங்கள்.

பிளாஷ் விளக்கை அணைத்து விடுங்கள். அணைக்காவிட்டால், கடலுக்குப் பதில் ஒளிப் பொட்டுதான் படத்தில் விழும்.

வெளிர் நிறச் சட்டையும் ஜன்னலில் பிரதிபலிக்கும். கறுப்புத் துண்டு அல்லது கறுப்புச் சட்டை உதவும். இல்லாவிட்டால் கையைக் குவித்து லென்ஸைச் சுற்றி மறைத்துக் கொள்ளுங்கள்.

காமிராவை ஜன்னலில் அழுத்தி வைக்காதீர்கள். விமானத்தின் அதிர்வு படத்தை ஆட்டி விடும். ஒட்டினாற்போல, ஆனால் தொடாமல் பிடியுங்கள். செல்போன் ஜன்னல் கீறலைப் படம் பிடிக்கப் பார்க்கும். தூரத்து மேகத்தின் மேலோ கரையின் மேலோ விரலால் ஒரு முறை தட்டினால் சரியாகி விடும்.

உதிரி பாட்டரிகளைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. கைப்பையில் வைத்துக் கொள்ள வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் இந்த விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

விமானத்துக்குள் இருந்து பயணிகள் படம் எடுக்கலாம் என்று சிவில் விமானத் துறை இயக்குனரகம் 2004-ம் ஆண்டு டிசம்பரில் அனுமதி தந்தது. 2020-ல் அதை மீண்டும் விளக்கிச் சொன்னது. ஆனால் மற்றவர்களுக்கு இடையூறு செய்யக் கூடாது. பாதுகாப்புக்குக் கெடுதல் நேரக் கூடாது. விமானப் பணியாளர்கள் "வேண்டாம்" என்றால், உடனே நிறுத்தி விட வேண்டும். ராணுவ விமான தளங்களையும் கடற்படைத் தளங்களையும் படம் பிடிக்கக் கூடாது. உச்சிப்புளிக்கும் இது பொருந்தும்.

ஒரு வரி எழுதுங்கள்

படம் எடுத்தாகி விட்டது. வேலை முடிந்ததா? இல்லை.

செல்போன் தேதியைத் தானாகவே பதிந்து கொள்ளும். ஆனால் வாட்ஸ்-அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய் விடும். நாலு கை மாறினால், எந்த ஊர், எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே, ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன தேதி, விமானம் கிளம்பிய நேரம் என்ன, படம் எடுத்த நேரம் என்ன, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று குறித்தால் போதும். கிளம்பிய எத்தனையாவது நிமிடம் என்று தெரிந்தால், இடத்தைத் தேசப்படத்தில் ஏறக்குறையக் கண்டுபிடித்து விடலாம். அச்சுப் போட்ட படமானால் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அவர்களுக்குப் பூகோளமும் தெரிந்து போகும். நாளைக்கு மணல் நகர்ந்தாலும், தீவு கரைந்தாலும், "இந்தத் தேதியில் இது இங்கே இருந்தது" என்று அந்தப் படம் சொல்லும்.